முன்னால் 2000 வாட்ஸ், பின்னால் 40 வாட்ஸ்

ஸ்டீரியோ செட் வாங்கப் போகிறவரின் கண் முதலில் விழுவது பெட்டியின் முகத்தில் மினுங்கும் எண்ணில்தான். 2000 வாட்ஸ், 3000 வாட்ஸ். பக்கத்திலேயே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. மாத்தளை திருகோணமலை வீதியானாலும் சரி, தம்புள்ளையானாலும் சரி, பேரம் அந்த எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். அப்படியொரு செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 40 வாட்ஸ் என்று இருக்கும். சுவரிலிருந்து 40 வாட்ஸ் வாங்கும் பெட்டி 2000 வாட்ஸ் எப்படிக் கொடுக்கும்? கொடுக்காது. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் செக்கனின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குக் கொட்டக்கூடிய உச்சத்தைக் கணக்கில் பிடித்து, எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துக் கூட்டி எழுதுவதற்குப் பெயர்தான் பி.எம்.பி.ஓ. அதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட தர முறை எதுவும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம், போடுகிறார்கள்.

வெப்பமாகப் போவது போக அந்த 40 வாட்ஸில் பக்கத்துக்குப் பத்து வாட்ஸ் ஒலிபெருக்கிக்கு வந்து சேர்ந்தால் அது நேர்மையான செட். அது போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். சிறிய ஸ்பீக்கர் பொக்ஸ் ஒன்று ஒரே ஒரு வாட்ஸ் வாங்கி ஒரு மீற்றர் தூரத்தில் 86 டெசிபல் அளவில் ஒலி தரும். சாதாரணப் பேச்சுக் குரல் 60 டெசிபல் சுமார். வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று படுவதற்கு 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறையில் பாட்டுக் கேட்பவருக்கு முன்பக்க எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதையே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வோல்ட். கடையில் வாங்கிய புதுச் செட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாத்தளைப் பக்கத்து வீடுகளில் இருக்கும் செட்டுகளில் பல, கடை வழியாக வந்தவை அல்ல. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன அம்மாவோ அக்காவோ பெட்டி கட்டிக் கொண்டுவந்தவை ஒரு வகை. ஜப்பானில் பாவித்துக் கழித்ததை இறக்கி விற்கும் ‘ரீகண்டிஷன்’ செட்டுகள் இன்னொரு வகை. சவூதி வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ட் இருந்தது. அதனால் அங்கே விற்ற செட்டுகளின் முதுகில் ஒரு சிறு சுழல் சுவிட்ச் இருக்கும். திருகாணிச் செலுத்தியின் முனையை விட்டுத் திருப்ப வேண்டிய பள்ளத்துடன், பக்கத்தில் 110, 127, 220, 240 என்று எழுதி. அது 127-இல் நிற்கும்போது நம் 230-ஐக் கொடுத்தால் உள்ளேயுள்ள டிரான்ஸ்போமரின் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பிப்போய், சுருளில் கட்டுக்கடங்காமல் மின்னோட்டம் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் சுருளே கருகும். வெளிநாட்டுச் செட் என்றால் பிளக்கைக் கையில் எடுக்குமுன் அந்தச் சுவிட்சைப் பார்த்துவிட வேண்டும்.

ஜப்பான் செட்டில் திருப்புவதற்கும் ஒன்றுமில்லை. அங்கே 100 வோல்ட் மட்டுமே. இங்கே அதை ஓட்ட இறக்கு டிரான்ஸ்போமர் ஒன்று இடையில் வேண்டும். அதன் கொள்ளளவு செட் வாங்கும் வாட்ஸைப்போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் சூடேறாமல் நிற்கும். யாராவது தெரியாமல் நேரே சுவரில் செருகிவிடாமல் இருக்க, செட்டின் வயரிலேயே ‘100 வோல்ட்’ என்று ஒரு துண்டு ஒட்டிவைப்பது புத்தி. இந்தச் செட்டுகளில் விற்பவர் அநேகமாகச் சொல்லாத இன்னொரு குறையும் உண்டு. ஜப்பானின் பழைய எஃப்.எம். வரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. நம்முடையது 87.5-இலிருந்து 108 வரை. அருமையான ஒலிபெருக்கி, அழகான மரப் பெட்டி, எல்லாம் சரி. வானொலியைத் திருகினால் 90-க்கு மேல் போகாது. சூரியனோ சக்தியோ கேட்கலாம் என்று வாங்கியவர் கடைசியில் கைத்தொலைபேசியை வயரில் மாட்டித்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது பிளக். இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்து வட்ட முள்ளும் பிற்காலச் சதுர முள்ளும் நெடுநாள் கலந்தே கிடந்தன. இப்போது 13 அம்பியர் சதுர முள்தான் நாட்டின் தரம் என்று பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முடிவுகட்டிவிட்டது. 1947-இல் பிரித்தானியாவில் தரப்படுத்திய இந்தப் பிளக் பருமனில் அசிங்கம்தான். ஆனால் பாதுகாப்பில் அதை அடிக்க ஆளில்லை. மேலேயுள்ள நில முள் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் உள்ளே போய், கரண்ட் உள்ள இரண்டு துளைகளையும் மூடியிருக்கும் மறைப்பைத் திறக்கும். குழந்தை கம்பியை விட்டாலும் கீழ்த் துளைகள் திறக்காது. பிளக்குக்குள்ளேயே ஃபியூஸும் இருக்கிறது.

நம் ஆட்கள் இந்த ஏற்பாட்டை ஒரு பேனா மூடியால் தோற்கடித்துவிடுவார்கள். செட்டோடு வந்தது இரண்டு வட்ட முள் பிளக். சுவரில் இருப்பது சதுர சொக்கட். மேல் துளையில் பேனா மூடியையோ விளக்குமாற்று ஈர்க்குகளைச் சேர்த்துப் பிடித்தோ அழுத்தினால் மறைப்பு திறக்கும், வட்ட முள்ளைத் தள்ளிவிடலாம். தள்ளலாம்தான், ஆனால் அது அங்கே இறுகப் பிடித்து நிற்காது. தட்டையான முள்ளுக்குச் செய்த பித்தளைக் கவ்வியில் உருண்டை முள் ஒரு ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். தொடும் இடம் சிறுத்தால் அங்கே தடை கூடும். தடை கூடினால் சூடு. பாட்டு விட்டுவிட்டுக் கேட்பதும், சொக்கட்டின் வெள்ளை முகம் மஞ்சளாகிப் பழுப்பேறுவதும் அதன் அடையாளம். சரியான மாற்றி ஒன்றின் விலை பெரிதல்ல. அதைவிடச் சிறந்தது, வயரின் முனையில் ஒரு சதுரப் பிளக்கையே பூட்டி, அதற்குள் 13 அம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 அம்பியர் ஃபியூஸ் போடுவது. 40 வாட்ஸ் செட்டுக்குக் கால் அம்பியர்கூட முழுதாகத் தேவையில்லை. அதன் மெல்லிய வயர் பழுதானால் 13 அம்பியர் ஃபியூஸ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும், மூன்று அம்பியர் பாய்ந்து அறுக்கும்.

‘வயரில் இரண்டு இழைதானே இருக்கிறது, எர்த் இல்லையே’ என்று சிலர் பயப்படுவார்கள். பின்பக்கத்தில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அந்தப் பயம் வேண்டாம். இரட்டைக் காப்பு செய்த கருவி என்பது அதன் பொருள். அதற்கு எர்த் தேவையில்லை. வீட்டு மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அது விழுந்து உயிரைக் காப்பாற்றும். அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். விழாத ட்ரிப் சுவிட்ச் வெறும் அலங்காரம். தோட்டத்து லயன்களில், ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்து, அதில் மல்டி பிளக், மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக் என்று போகிற இடங்களில், செட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. ‘மின்னொழுக்கால் லயன் தொகுதியில் தீ’ என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பல குடும்பங்கள் ஒன்றாகத் தெருவுக்கு வருகின்றன.

மின்னல் தனிக் கதை. மாத்தளையின் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் வெயில் கொதிக்கும் சமவெளி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், பருவக்காற்றுகள் மாறும் இடைவேளையில், பகலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து பின்னேரத்தில் இடிமுழக்கமாக இறங்கும். வளிமண்டலவியல் திணைக்களம் அந்த மாதங்களில் விடும் எச்சரிக்கையில், மின் இணைப்பிலுள்ள கருவிகளைப் பாவிக்க வேண்டாம் என்ற வரி தவறாமல் இருக்கும். மின்னல் நம் வீட்டில்தான் விழ வேண்டும் என்றில்லை. தோட்டங்களை நோக்கி மலைச்சரிவில் மைல் கணக்கில் போகும் வான்கம்பி வயருக்கு அருகில் எங்காவது விழுந்தாலே அந்த வயரில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டு ஓடிவரும்.

சுவிட்சை அணைத்தால் போதாதா? சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர். காற்று ஒரு மில்லிமீற்றருக்கு 3000 வோல்ட் வரைதான் தாங்கும். மேகத்திலிருந்து நிலம் வரை பாய்ந்து வந்ததற்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டல்ல. பிளக்கைக் கழற்ற வேண்டும். கூரைக்கு மேல் கம்பு நட்டு அன்டெனா போட்டிருந்தால் அதன் வயரையும் கழற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கடையில் ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்று விற்பதற்குள் இருப்பது ஒரு சிறு வில்லை. சின்னச் சின்னப் பாய்ச்சலை அது விழுங்கும். விழுங்க விழுங்கத் தேயும். நேரடி மின்னலுக்கு அது காவல் அல்ல. முக்கியமாக, கழற்றுவதை இடி தலைக்கு மேல் வருமுன் செய்ய வேண்டும். மின்னல் தெரிந்து 30 செக்கனுக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வயரைத் தொடாமல் இருப்பதே மேல். செட் போனால் போகட்டும்.

ஆபத்தை விட்டு இனி இனிமைக்கு வருவோம். பின்பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு சோடிக் கவ்விகள் இருக்கும். பக்கத்தில் 4, 6 அல்லது 8 ஓம் என்று எழுதியிருக்கும். சிவப்பைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் மாட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் என்ன ஆகும்? ஒன்றும் வெடிக்காது. பாட்டும் கேட்கும். ஆனால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும்; காற்று நின்ற இடத்திலேயே நிற்கும். தவிலின் தொப்பி, பேஸ் கிட்டார் எல்லாம் வற்றிப்போகும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து திரிவார். செட் சரியில்லை என்று திருத்தக் கொண்டுபோனவை பலவற்றுக்கு வைத்தியம் இந்த ஒரு வயரை மாற்றிச் செருகுவதுதான். சந்தேகம் இருந்தால் இரண்டு பொக்ஸையும் முகத்துக்கு முகம் ஒட்டி வைத்து மெதுவாகப் பாடவிடுங்கள். ஆழ்ந்த ஒலி மொத்தமாக மறைந்தால் ஒன்று தலைகீழ்.

பழைய பொக்ஸ் இரண்டு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதே கவ்வியில் சேர்த்துக் கட்டுவதும் நம் வழக்கம். 8 ஓம் பக்கத்தில் இன்னொரு 8 ஓம் இணைந்தால் செட்டுக்குத் தெரிவது 4 ஓம். மின்னோட்டம் இரட்டிக்கும், அந்தச் சுமைக்குச் செய்யாத செட் சூடேறிச் சாகும்.

நடுவில் யாரும் இல்லாத இடத்தில் பாடகர் நிற்பதாகத் தோன்றுவது எப்படி என்று யோசித்த மனிதர் அலன் புளூம்லைன். லண்டனில் ஈ.எம்.ஐ. கொம்பனியின் பொறியியலாளர். பேசும்படம் புதிதாய் வந்த காலம். திரையின் ஒரு மூலையில் நடிகர் நிற்க, குரல் வேறு எங்கோ இருந்து வருவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931 டிசம்பரில் இரு காது ஒலிக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படை அனைத்தும் அந்தத் தாள்களில் உண்டு. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர 1950-களின் பிற்பகுதியானது; அதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஜூனில் குண்டுவீச்சு விமானத்துக்கான ராடாரைப் பரிசோதிக்கப் பறந்தபோது விமானம் விழுந்து இறந்தார். வயது 38.

அவர் நம்பியிருந்தது நம் தலையின் அகலத்தை. இடப் பக்கத்து ஒலி வலக் காதுக்குப் போய்ச் சேரத் தாமதிப்பது அதிகபட்சம் செக்கனின் பதினாயிரத்தில் ஆறு ஏழு பங்குதான். அந்த மிகச் சிறிய தாமதத்தையும் சத்தத்தின் ஏற்றத்தாழ்வையும் வைத்தே மூளை திசையைச் சொல்கிறது. ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட ஓரடி கிட்ட இருந்தாலே தாமதம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பாட்டு முழுவதும் கிட்ட இருக்கும் பொக்ஸிலிருந்தே வருவதாகக் கேட்கும். ஒன்றை அலுமாரிக்கு மேலும் மற்றதை இஸ்தோப்பு ஜன்னலிலும் வைத்துவிட்டு ஸ்டீரியோ என்று சொல்வதில் அர்த்தமில்லை. மாசிமகத் தேர் நாளில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியெங்கும் கட்டும் ஒலிபெருக்கிகளின் வேலை ஒலியை எறிவது. வீட்டுச் செட்டின் வேலை அதுவல்ல. இரண்டு பொக்ஸுக்கும் இடையில் ஐந்தாறு அடி, ஒவ்வொன்றிலிருந்தும் கேட்பவருக்கு அதே ஐந்தாறு அடி. பொக்ஸிலுள்ள சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்தில். இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

அறையும் சேர்ந்து வாசிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பன்னிரண்டு அடி நீளச் சுவர்களுக்கு இடையில் 47 ஹேர்ட்ஸ் ஒலி சரியாக அரை அலையாக அடங்கி நின்று பெருகும்; பத்து அடிக்கு அது 57 ஹேர்ட்ஸ். அவற்றின் இரு மடங்குகளான 94-உம் 114-உம் எல்லாச் சினிமாப் பாட்டிலும் முழங்கும் இடம். பொக்ஸை மூலையில் தள்ளி வைத்தால் அந்த ஸ்வரங்கள் மட்டும் வீங்கி ‘டும் டும்’ என்று கேட்கும். அதைத்தான் பலர் நல்ல பேஸ் என்று நினைக்கிறார்கள். மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள், பாட்டின் சொற்கள் தெளியும். சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், தகரக் கூரை என்றிருக்கும் அறையில் உயர்ந்த சுருதி ஒலிகள் அங்குமிங்கும் மோதிக் காதைக் கீறும். கட்டில் மெத்தையும் கனமான திரைச்சேலையும் அவற்றை உறிஞ்சும். பேஸை உறிஞ்சா.

எஃப்.எம். அன்டெனாத் துளையில் செருகும் வயரைச் சுருட்டிப் பெட்டிக்குப் பின்னால் போட்டுவிடுவது பொது வழக்கம். 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீற்றர். அதில் கால் பங்கு, 75 சென்ரிமீற்றர் அளவில், வயரை நேராக நீட்டிச் சுவரில் ஒட்டினால்தான் அது அன்டெனா. எஃப்.எம். அலை கிட்டத்தட்டப் பார்வைக் கோட்டில் போவது. ரிவர்ஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரத்தை நட்டது அதற்காகத்தான். தம்புள்ளைச் சமவெளியில் சுத்தமாக வரும் நிலையம், ரத்தோட்டைப் பக்கத்து மலைமடிப்பில் இரைச்சலோடு வரக் காரணம், நேரே வரும் அலையோடு எதிர்மலையில் பட்டுத் திரும்பிய அலையும் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்துகொள்வது. இந்த இடத்தில் ஸ்டீரியோவே தொல்லை. இடது வலது வேறுபாட்டைச் சுமக்கும் பகுதி சமிக்ஞையின் பலவீனமான அங்கம். சிக்னல் மெலிந்தால் ஸ்டீரியோவில் இரைச்சல் 20 டெசிபல் அளவுக்குக் கூடும். ரிமோட்டில் ‘மோனோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் போதும். இரைச்சல் அடங்கும்.

செட்டின் மேலும் முதுகிலும் இருக்கும் கீற்றுத் துளைகள் உள்ளே பிறக்கும் சூட்டுக்கு வாசல். பூவேலை செய்த துணியால் செட்டை மூடும் பழக்கம் அழகானது. அணைத்த பிறகு மூடுங்கள். சாமிப் படத் தட்டுக்குக் கீழே செட்டை வைத்து, செட்டுக்கு மேல் விளக்கேற்றும் வீடுகளைப் பார்க்கலாம். கைநூலில் ‘பூச்சாடி வைக்காதே, மெழுகுவர்த்தி வைக்காதே’ என்று எழுதியவர்கள் எண்ணெய் விளக்கை நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆபத்தும் அதில் ஒன்றாக இருக்கிறது. மழைக்காலக் குளிரில் இருந்த செட்டைச் சூடான அறைக்கு எடுத்துவந்தால் சி.டி. வாசிக்கும் வில்லையில் பனி படரும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் சும்மா விட்டால் தானாகக் காயும். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு; பெட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் ஐந்து மணி நேரம்தான் மிச்சம். பிள்ளைகளுக்கு எல்லை 75-இல் தொடங்குகிறது. பல பழைய லயன்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை; உங்கள் பாட்டை அடுத்த காம்பராவும் கேட்டே ஆகவேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007-இல் சொன்னது பொது இடத்து ஒலிபெருக்கியைப் பற்றித்தான். ஆனாலும் விடியற்காலை கொழுந்துக்குப் போகிற பெண்ணின் தூக்கத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கடைசியாக, பின்பக்கத்தில் இல்லாத ஒன்று. சிறிய செட்டுகளின் மெல்லிய ரிமோட்டுக்குள் இருப்பது ரூபாய்க் குற்றி அளவு லிதியம் பொத்தான் பட்டரி. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கும். பட்டரி தேய்ந்துபோனதாக இருந்தாலும் அப்படியே. ரிமோட்டின் அடித்தட்டு தளர்ந்திருந்தால் இன்றே நாடா ஒட்டி இறுக்குங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும்; வாந்தியெடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், உடனே 1990 அம்பியுலன்ஸை அழைத்து எக்ஸ்-ரே வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.